என் ஆபரேஷனும் சங்கத்துக் கடனும்

(கூட்டமைப்பின் பத்தாம் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. பத்தாவதோடு படிப்பு நின்று போச்சு. எங்கள் சங்கத்து ஊக்குநர் அக்கா, "நீ பட்டதைப் பேசு, அது போதும்" என்று சொன்னதால் நிற்கிறேன். மற்ற சங்கத்துக்காரங்க எல்லாம் கடன் வாங்கி முன்னேறின கதை சொன்னீங்க. நான் சொல்லப் போவது கடன் வாங்கி மாட்டிக்கொண்ட கதை.

இப்போது என் எடை 86 கிலோ. 2012 ஐப்பசியில் 112 கிலோ இருந்தேன். உயரம் 154 சென்டிமீட்டர்தான். அந்த 112 எப்படித் தெரியும் என்றால், என் வீட்டுக்காரர் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் எடை போடுகிறவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆள் இல்லாத நேரத்தில் என்னை வெங்காயம் நிறுக்கிற தராசில் ஏற்றிப் பார்த்தார். "ரெண்டு மூட்டைக்கு மேல இருக்கே" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

உடம்பு பெருத்தது ஒரே நாளில் இல்லை. ரெண்டாவது பிள்ளைக்கு அப்புறம் ஏறினது இறங்கவே இல்லை. 32 வயதில் சர்க்கரை வந்தது. முட்டி வலி. ராத்திரி குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறி எழுந்து உட்காருவேன். பஸ்ஸில் மூணு பேர் சீட்டில் நான் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவங்க எழுந்து நின்றுகொள்வார்கள். அது வலியை விடப் பெரிய வலி. ஊரில் ஒருத்தி பாக்கி இல்லாமல் சொன்ன பேச்சு, "தின்னு தின்னு வளர்த்திருக்கா." காலையில் பழைய சோறு, மத்தியானம் ஒரு தட்டு சோறு, இதுதான் நான் தின்றது என்று யாரிடம் போய்ச் சொல்ல? சரி, வடை, முறுக்கு, நாளுக்கு அஞ்சு தடவை சர்க்கரை போட்ட டீயும் உண்டு. அதை நான் மறைக்கலை.

கொள்ளுத் தண்ணி குடித்தேன், தேனும் எலுமிச்சையும் குடித்தேன், ராத்திரி சோறு விட்டேன். ஆறு கிலோ இறங்கும், எட்டு கிலோ ஏறும். கடைசியில் சர்க்கரைக்குப் பார்க்கிற டாக்டரே கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டுப் பார் என்று எழுதிக் கொடுத்தார்.

அங்கே ஒரு கணக்குச் சொன்னார்கள். கிலோ எடையை மீட்டர் உயரத்தால் ஒருமுறை வகுத்து, வந்ததை மறுபடியும் அதே உயரத்தால் வகுக்கணும். எனக்கு 47 வந்தது. நம்ம ஊர்க்காரங்க உடம்புக்கு 37.5-க்கு மேலே போனால், அல்லது சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாதிரி வியாதி சேர்ந்து 32.5-க்கு மேலே இருந்தால், ஆபரேஷன் பற்றி யோசிப்பார்கள் என்று அப்போது சொன்னார்கள். அதனால் பத்துக் கிலோ கூட இருக்கிறவங்க யாரும் நான் சொல்வதைக் கேட்டு ஓடிப் போயிடாதீங்க. இது அழகுக்குப் பண்ணுகிற ஆபரேஷன் இல்லை.

ரெண்டு விதம் சொன்னார்கள். ஒன்று, இரைப்பையில் முக்கால் பாகத்தை வெட்டி எடுத்துவிடுவது. இன்னொன்று, இரைப்பையின் மேல் பக்கத்தில் சிலிக்கான் வளையம் ஒன்றை மாட்டுவது. சுருக்குப்பை வாயைக் கட்டுகிற மாதிரி. வளையத்துக்கு மேலே ஒரு சின்னப் பை மாதிரி நிற்கும், கொஞ்சம் சாப்பிட்டாலே அது நிறைந்து போதும் என்று தோன்றும். அந்த வளையத்திலிருந்து ஒரு குழாய் வந்து வயிற்றுத் தோலுக்கு அடியில் ஒரு பித்தான் மாதிரி இருக்கும். அதில் ஊசியால் உப்புத் தண்ணி ஏற்றினால் வளையம் இறுகும், எடுத்தால் தளரும். வெட்ட வேண்டாம், வேண்டாம் என்றால் கழற்றலாம் என்று சொன்னதால் நான் வளையத்துக்குச் சம்மதித்தேன். இப்போதெல்லாம் வளையம் வைப்பது குறைந்து போய், வெட்டி எடுக்கிற முறைதான் அதிகமாக நடக்கிறது. யாராவது கேட்கப் போனால் ரெண்டையும் நன்றாக விசாரித்துக்கொள்ளுங்கள்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கையில் இருந்தது. அதை நீட்டினேன். இந்த ஆபரேஷனுக்கு அது செல்லாது என்று அந்த ஆஸ்பத்திரி கவுண்டரில் சொல்லிவிட்டார்கள். நானும் வேறு எங்கேயும் கேட்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில், கலெக்டர் ஆபீசில் கேட்டிருக்கலாம். கேட்கிற பழக்கம் அப்போது இல்லை.

செலவு 2,90,000 ரூபாய் என்றார்கள். இனி சொல்வதுதான் முக்கியம், கொஞ்சம் கவனிங்க.

நகை 7 பவுன் கூட்டுறவு வங்கியில் வைத்து 1,10,000. ரெண்டு கறவை மாட்டை விற்று 55,000. எங்க அண்ணன் வட்டியில்லாமல் கொடுத்தது 50,000. வெளியில் 3 ரூபாய் வட்டிக்கு 40,000. சங்கத்தில் 40,000. மொத்தம் 2,95,000. அஞ்சாயிரம் மிச்சம்கூட இருக்கே என்று நினைத்தேன். அவ்வளவுதான் என் புத்தி.

சங்கத்தில் அந்த 40,000 எப்படி வாங்கினேன் தெரியுமா? அப்போதுதான் வங்கிக் கடன் வந்தது, 12 பேருக்கு ஆளுக்கு 40,000, மாதம் 1,900 வீதம் 24 தவணை. ஒவ்வொருத்தரும் எதற்கு என்று சொல்லணும், தீர்மானப் புத்தகத்தில் எழுதணும். என் முறை வந்தது. "கறவை மாடு வாங்க" என்று சொன்னேன். எழுதிக் கையெழுத்தும் போட்டேன். வீட்டில் இருந்த ரெண்டு மாட்டை விற்க ஆள் பார்த்துக்கொண்டே, மாடு வாங்கக் கடன் கேட்டேன்.

ஏன் பொய் சொன்னேன்? ஆபரேஷனுக்கு என்று சொன்னால் என்ன ஆபரேஷன் என்று கேட்பார்கள். உடம்பு இளைக்க என்று சொன்னால், "தின்னு வளர்த்துட்டு லட்ச ரூபாய் செலவு பண்ணி இளைக்கப் போறாளாம்" என்று தெருவே சிரிக்கும். எனக்கு அந்தச் சிரிப்புத் தாங்காது. ஊரில் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் என்று சொல்லிவிட்டு 2013 மாசியில் போய்ப் படுத்தேன்.

ஆபரேஷன் எனக்குப் பயப்படுகிற மாதிரி இல்லை. வயிற்றில் அஞ்சு சின்ன ஓட்டைதான். அன்றைக்குச் சாயங்காலமே எழுப்பி நடக்க வைத்தார்கள். காலில் ரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் அந்த நடை, வலிக்குது என்று படுத்துவிடக் கூடாது. மூணாம் நாள் பஸ் ஏறி வந்துவிட்டேன். தோளில் ஒரு வலி வரும், உள்ளே விட்ட காற்று அது, நாலு நாளில் போயிடும்.

கஷ்டம் வீட்டுக்கு வந்த பிறகுதான். முதல் ரெண்டு வாரம் தண்ணீர் ஆகாரம் மட்டும். அதுவும் மடக்கு மடக்காக. மருந்து பாட்டில் மூடியில் ஊற்றி ஊற்றிக் குடித்தேன். மோர், பருப்புத் தண்ணி, இளநீர். அடுத்த ரெண்டு வாரம் கூழ் மாதிரி மசித்தது. குழையக் குழைய வேகவைத்த பாசிப்பயறு, மசித்த முட்டை, தயிர். அப்புறம்தான் மெதுவான சாப்பாடு. ஆறு வாரத்துக்குக் குடம் தூக்கக் கூடாது, மூட்டை தூக்கக் கூடாது.

எங்க மாமியாருக்கு இது தாங்கவில்லை. மனுஷி பிறந்ததிலிருந்து சோறு போட்டுத்தான் அன்பைக் காட்டத் தெரிந்தவங்க. "பச்சை உடம்புக்காரி, ஒரு வாய் ரசஞ்சோறு தின்னா என்ன ஆயிடும்" என்று கிண்ணத்தோடு நிற்பாங்க. பார்க்க வந்தவங்க எல்லாம் ஹார்லிக்ஸ், பிஸ்கட், ஆப்பிள். ஆறு ஹார்லிக்ஸ் பாட்டில் சேர்ந்து போச்சு. சர்க்கரை போட்டுக் கரைத்துக் குடிக்கிறது எல்லாம் வளையத்தைத் தாண்டி வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். கூழ், ஐஸ்கிரீம், டீ, ஜூஸ், எதையும் வளையம் தடுக்காது. பாதி வேலைதான் அது செய்யும். இதை எனக்கு முன்னாடியே யாரும் உறைக்கிற மாதிரி சொல்லவில்லை.

அப்படிப் படுத்திருக்கும்போது சங்கத்திலிருந்து ஊக்குநர் அக்காவும் ரெண்டு பிரதிநிதிகளும் பார்க்க வந்தார்கள். அவங்களும் ஒரு ஹார்லிக்ஸ். நலம் விசாரித்துவிட்டு வெளியே போகும்போது பிரதிநிதி அக்கா கொட்டகையை எட்டிப் பார்த்தாங்க. கடன் வாங்கினால் ஒரு மாதத்துக்குள் வாங்கின பொருளைப் பார்க்கணும் இல்லையா, அதுதானே நம்ம நடைமுறை. கொட்டகை காலி. "மாடு எங்கம்மா?" "எனக்கு முடியலைன்னு அண்ணன் வீட்டுல கட்டியிருக்கு அக்கா." ரெண்டாவது பொய். மாமியார் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாங்க. ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு ரசஞ்சோறு கொண்டு வரவும் இல்லை.

நான் போட்டிருந்த கணக்கு இது. ரெண்டு மாதம் படுக்கை, அப்புறம் நூறு நாள் வேலைக்குப் போய்விடலாம், பால் காசும் வரும், தவணை கட்டிவிடலாம். பால் காசு எங்கிருந்து வரும்? மாட்டை விற்றாச்சே! மாதம் தீவனம் போக 4,500 ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்த மாடுகள். மாதம் கட்ட வேண்டியது சங்கத்துக்கு 1,900, வெளி வட்டி 1,200, நகை வட்டி ஆயிரம், ஆக 4,100. அந்த மாடுகள் இருந்திருந்தால் அதுவே கட்டியிருக்கும். இது சித்திரை மாதம்தான் எனக்கு உறைத்தது.

அதுமட்டும் இல்லை. 2,90,000 என்று சொன்னது ஆபரேஷனுக்கும் மூணு நாள் ரூமுக்கும்தான். அதற்கு முன்னாடி எடுத்த ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், எக்கோ, வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தது, அது தனியாக 14,000. நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. போக வர, கூட வந்தவங்க தங்க, 9,000. பிறகு வளையத்தை இறுக்கப் போகணும். முதல் தடவை ஆறு வாரம் கழித்து. ஒரேயடியாக இறுக்க மாட்டார்கள், கொஞ்சம் கொஞ்சமாக. முதல் வருஷத்தில் அஞ்சு தடவை போனேன். ஒவ்வொரு தடவையும் ஊசிக்கும் டாக்டருக்கும் 2,500, பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் 700. பழனி, உடுமலை, பொள்ளாச்சி என்று போகவே மூணரை மணி நேரம், ரெண்டு பேருக்கும் ஒரு நாள் பொழுது போச்சு. புரோட்டீன் மாவு டப்பா 1,800 ரூபாய், அது எட்டு டப்பா. சத்து மாத்திரை மாதம் 600. புரோட்டீன் சேராவிட்டால் கொழுப்போடு சதையும் கரையும் என்றார்கள். நாலாம் மாதத்தில் எனக்குத் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. பயந்து போனேன். பிறகு வளர்ந்துவிட்டது.

சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி. நாலு தவணை நான் கட்டவில்லை. சங்கத்துப் பேர் வங்கியில் கெட்டுப் போகக் கூடாது என்று ஊக்குநர் அக்கா சேமிப்புப் பணத்திலிருந்து எடுத்து என் 1,900-ஐ ஒவ்வொரு மாதமும் கட்டிக்கொண்டிருந்தாங்க. எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். கூட்டத்துக்கே போவதில்லை, உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடுவேன்.

அந்த ஆனி மாதத்தில் எங்கள் சங்கத்தில் மேட்டுத்தெரு அக்கா ஒருத்தங்க, மகளை நர்சிங் சேர்க்க 10,000 உள்கடன் கேட்டாங்க. சங்கம் ஆரம்பித்த 2006-லிருந்து ஒரு தவணை தவறாமல் கட்டினவங்க. பெட்டியில் பணம் இல்லை. 4,000தான் கொடுக்க முடிந்தது. மிச்சம் 6,000 வெளியில் 5 ரூபாய் வட்டிக்கு வாங்கிச் சேர்த்தாங்க. பெட்டியில் ஏன் பணம் இல்லை என்று உங்களுக்கே தெரியும்.

ஆனிக் கடைசியில் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. கறிச்சோறு. நாலு மாதமாகப் பருப்புத் தண்ணியும் பயறும் தின்ற வாய். பேச்சு சுவாரஸ்யத்தில் மெல்லாமல் ரெண்டு துண்டை விழுங்கிவிட்டேன். வளையத்தில் போய் அடைத்துக்கொண்டது. நெஞ்சுக்குள்ளே கல்லு வைத்த மாதிரி. வாந்தி. தண்ணீர் குடித்தால் தண்ணீரும் திரும்பி வருது, எச்சில்கூட இறங்கலை. ஒரு நாள் பொறுத்துப் பார்த்தேன். அது தப்பு. தண்ணீரே இறங்காவிட்டால் உடனே கிளம்பணும். ரெண்டாம் நாள் எழுந்து நிற்க முடியவில்லை. வீட்டுக்காரர் பணம் புரட்ட மார்க்கெட்டுக்கு ஓடினார். மாமியார் ஓடிப்போய்க் கூட்டி வந்தது ஊக்குநர் அக்காவை. அவங்கதான் என்னைக் கோயம்புத்தூருக்குக் கூட்டிப் போனாங்க.

டாக்டர் வளையத்தைத் தளர்த்தி, குளுக்கோஸ் ஏற்றி, அடைத்தது இறங்கின பிறகு, கூட வந்தவங்களுக்கும் புரியட்டும் என்று படம் வரைந்து காட்டிச் சொன்னார். எடை குறைக்கிற வளையம், இவ்வளவு செலவு, இன்னின்ன சாப்பிடக் கூடாது. அக்கா எல்லாத்தையும் கேட்டுக்கொண்டாங்க. என் பக்கம் திரும்பவே இல்லை. அன்றைக்கு ஆன செலவு 11,000. அதில் 3,000 அக்கா கைக்காசு.

மறுநாள் திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாங்க. பொள்ளாச்சி தாண்டியும் பேச்சில்லை. உடுமலை பஸ் ஸ்டாண்டில் வண்டி நின்றபோது கேட்டாங்க:

"உங்க அண்ணன் வீட்டுல கட்டியிருக்கிற மாடு என்ன நிறம்மா?"

நான் அழுத அழுகையில் கண்டக்டர் வந்து என்னம்மா என்று கேட்டார். வயிற்று வலி என்று அக்காதான் சொன்னாங்க.

ஆடிக் கூட்டத்தில் எழுந்து நின்று எல்லாத்தையும் சொன்னேன். வளையம், மாடு, வெளி வட்டி. நான் பயந்த சிரிப்பு வரவில்லை. ரெண்டு பேர் சட்டையைப் பிடிக்காத குறையாகத் திட்டினாங்க. திட்டினது உடம்பைப் பற்றி இல்லை. ஒருத்தங்க கேட்டாங்க, "எங்ககிட்ட உண்மையைச் சொல்லியிருந்தா நாங்க குடுத்திருக்க மாட்டோமா?" எனக்குப் பதில் இல்லை. கொடுத்திருப்பாங்களா என்றும் எனக்குத் தெரியாது. அப்போது எங்கள் சங்கத்தில் வைத்தியத்துக்குக் கடன் கொடுக்கிற வழக்கமே இல்லை. தொழிலுக்கு என்று சொன்னால்தான் கிடைக்கும். என்னை மாதிரிப் பொய் சொல்லி வாங்கினவங்க நான் ஒருத்தி மட்டும் இல்லை என்பது அன்றைக்கு வெளியே வந்தது. யார் யார் என்று இங்கே சொல்ல மாட்டேன்.

தீர்மானம் போட்டாங்க. நான் பாக்கி வைத்த 7,600-ஐ மாதம் 400 வீதம் கூடுதலாகச் சேர்த்துக் கட்டணும். வெளி வட்டிக் கடனை முதலில் அடைக்கணும். அதற்கு இந்தக் கூட்டமைப்புதான் எனக்கு 25,000 கொடுத்தது, 1 ரூபாய் வட்டிக்கு. மிச்சம் 15,000 வீட்டுக்காரர் கமிஷன் கடையில் முன்பணம் வாங்கினார். மாதம் 1,200 வட்டி போய்க்கொண்டிருந்தது நின்றது. அதுவே எனக்கு மூச்சு வந்த மாதிரி. புரட்டாசியிலிருந்து நூறு நாள் வேலைக்குப் போனேன். அடுத்த வருஷம் சங்கத் தவணை முடிந்தது. நகையில் 4 பவுன் திருப்பிவிட்டேன், 3 பவுன் இன்னும் வங்கியில்தான் இருக்கு. மாடு ஒன்று வாங்கினேன், போன தையில். நிறம் செவலை. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

மேட்டுத்தெரு அக்கா என்னோடு ஒன்றரை வருஷம் பேசவில்லை. இப்போதும் கூட்டத்தில் சங்க விஷயம்தான் பேசுவாங்க. மகள் படிப்பை முடிக்கப் போறா. அவங்க கட்டின 5 ரூபாய் வட்டியைக் கணக்குப் பார்த்து நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கலை. இங்கேதான் உட்கார்ந்திருக்காங்க. அக்கா, உங்களிடம் கேட்டுவிட்டுத்தான் இதைப் பேசுகிறேன்.

ஆபரேஷன் பண்ணினது தப்பா என்று பலர் கேட்கிறாங்க. இல்லை. 26 கிலோ குறைந்தது. குறட்டை நின்றது. சர்க்கரை மாத்திரை பாதியாகிவிட்டது, அதுவும் டாக்டர் பார்த்துக் குறைத்தது, நானாக நிறுத்தவில்லை. முட்டிக்கு மெடிக்கலில் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்த வலி மாத்திரையை விட்டேன், அது இந்த வயிற்றுக்கு ஆகாது, புண்ணாக்கிவிடும். பழனி மலை படியேறினேன். சுடச்சுட வடித்த சோறு உருண்டு அடைத்துக்கொள்ளும், புரோட்டா, பிரட் ஆகாது, சாப்பிடும்போது தண்ணீர் குடிக்க மாட்டேன், அரை மணி கழித்துத்தான். சோடா, கலர் எதுவும் இல்லை. பழகிவிட்டது. எடை இப்போது நின்றுவிட்டது, இதற்குமேல் குறையவில்லை. டீக்குச் சர்க்கரை போட்டால் அடுத்த மாதமே ரெண்டு கிலோ ஏறுகிறது. வளையம் நகர்ந்துவிடாமல் இருக்கான்னு வருஷத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்துக்கொள்ளணும், அது ஆயுசுக்கும் உள்ள செலவு.

தப்பு நான் அவசரப்பட்டது. அது விபத்தோ பிரசவமோ இல்லை, ஆறு மாதம், ஒரு வருஷம் கழித்துப் பண்ணியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. டாக்டரே அப்படித்தான் சொன்னார். நம்மில் பலருக்குக் கர்ப்பப்பை எடுக்க, பித்தப்பைக் கல்லுக்கு, முட்டிக்கு என்று நாள் குறிக்கிற ஆபரேஷன் வருது. உடனே பண்ணணுமா, பொறுக்கலாமா என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்க. பொறுக்கலாம் என்றால் அந்த நாளைப் பணம் சேர்க்க வைத்துக்கொள்ளுங்க. சொல்கிற தொகையில் எது எது சேரும், எது சேராது என்று எழுதிக் கேளுங்க. பரிசோதனை சேருமா, மருந்து சேருமா, திரும்பத் திரும்ப வரணுமா, எத்தனை தடவை, இடையில் ஏதாவது ஆனால் என்ன செலவு. என் கணக்கில் பின்னாடி ஆனது மட்டும் 71,600 ரூபாய். வட்டியும், போன பால் காசும் அதில் சேர்க்கலை. மாதம் சம்பாதித்துக் கொடுக்கிற பொருளை மட்டும் கடைசிவரை விற்காதீங்க. நகையை விற்றாலும் விற்கலாம், நகை பால் கறக்காது.

எங்கள் சங்கத்தில் இப்போது மருத்துவக் கடன் என்று தீர்மானப் புத்தகத்தில் தனியாகவே எழுதுகிறோம். 20,000 வரைக்கும். சீட்டைக் காட்டணும், வந்த பிறகு எப்படிக் கட்டுவோம் என்றும் சொல்லணும், முதல் மூணு மாதம் வட்டி மட்டும் கட்டினால் போதும். என்ன வியாதி என்று கூட்டத்தில் சொல்லக் கூச்சமாக இருந்தால் ஊக்குநரிடம் மட்டும் சொல்லலாம். இதுவரை நாலு பேர் வாங்கியிருக்காங்க. அதில் ஒருத்தங்க தவணை விடுது, அதையும் சொல்லிவிடணும்.

அந்த வருஷத்து நோட்டைக் கொண்டு வந்திருக்கேன். எந்தத் தேதி எதற்கு எவ்வளவு என்று முழுதும் இருக்கு. வேண்டியவங்க சாப்பாட்டு நேரத்தில் வந்து பார்த்து எழுதிக்கொள்ளலாம். எனக்கு ஒரு கரண்டி சாதம் சாப்பிட அரை மணி நேரம் ஆகும், அதனால் பந்தியில் கடைசியாக எழுந்திருக்கிறது நானாகத்தான் இருப்பேன். தேட வேண்டியதில்லை.